பத்தாவது ஆள்

புதுச்சேரி கடலூர் சாலையிலிருந்து மேற்கே பிரிந்து போனால் பாகூர். இரண்டு பக்கமும் நெல் வயல், ஊரை ஒட்டி ஏரி, நடுவே சோழர் காலத்து மூலநாதர் கோயில். அந்தக் கோயில் சுவரில் உள்ள கல்வெட்டுகளைவிடப் பழையது பாகூர்ச் செப்பேடு. 9ஆம் நூற்றாண்டில், நிருபதுங்க பல்லவன் காலத்தில், இந்த ஊரில் இருந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களின் வருவாயை எழுதிவைத்த சாசனம் அது. கற்றவர்கள் கூடியிருந்து பாடம் சொன்ன கல்விச்சாலை அந்த வித்யாஸ்தானம். இன்று ஏரியும் கோயிலும் இருக்கின்றன, செப்பேடும் கிடைத்திருக்கிறது. கல்விச்சாலை இல்லை.

அதற்கு ஒரு நூற்றாண்டுக்குச் சற்றே பிந்தி, கி.பி. 1000 வாக்கில், மேற்குக் கடற்கரையில் இன்னொரு செப்பேடு எழுதப்பட்டது. முயிரிக்கோட்டில் இருந்த சேர மன்னன் பாஸ்கர ரவி வர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூத வணிகத் தலைவருக்கு 72 விடுபேறுகளை வழங்கினான். பகல் விளக்கு, விரித்த பாவாடை, பல்லக்கு, குடை, பறை, காகளம் என்று அன்றைய பிரபுக்களுக்கு மட்டுமே உரிய மரியாதைகள் அவை. எழுத்து வட்டெழுத்து. வேணாடு, ஏறநாடு, வள்ளுவநாடு ஆகியவற்றின் தலைவர்கள் சாட்சி நின்றார்கள். அந்தப் பட்டயத்தைப் பெற்ற சமூகம் ஆயிரம் ஆண்டு நிலைத்தது. அரசர்கள் மாறினார்கள், போர்ச்சுகீசியர் வந்தார்கள், டச்சுக்காரர் வந்தார்கள், ஆங்கிலேயர் வந்தார்கள். யூதர்கள் தங்கள் ஓய்வுநாளை விடாமல் கடைப்பிடித்துக்கொண்டே இருந்தார்கள்.

ஒரு செப்பேட்டுக்கு உரியவர்கள் கரைந்துபோனார்கள், இன்னொன்றுக்கு உரியவர்கள் நின்றார்கள். எதனால்? வில்லியனூர், பாகூர்ப் பக்கத்தில் வாழ்கிறவர்களுக்கு இது வெறும் வரலாற்றுக் கேள்வி அல்ல. பிள்ளைகள் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் பிரான்சுக்கும் போய்விட்டார்கள். திருவிழாவுக்கு வருகிறார்கள், தேர் நிலைக்கு வந்ததும் கிளம்பிவிடுகிறார்கள். சிதறி வாழ்வதே வாழ்க்கை என்று ஆகிவிட்ட காலத்தில் ஒரு சமூகமாக இருப்பது எப்படி? இந்தக் கேள்வியோடு இரண்டாயிரம் ஆண்டு வாழ்ந்தவர்கள் யூதர்கள். அவர்கள் இதற்குக் கண்ட விடையை நேரில் பார்க்க வேண்டும் என்றுதான் கொச்சிக்குக் கிளம்பினேன்.

ஆனால் கொச்சிக்கு முன்னால் புதுச்சேரி நகரத்திலேயே நிற்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் முற்றத்தில், மரநிழலில், பூக்களால் மூடிய சமாதி. அரவிந்தரோடு அதே சமாதியில் இருப்பவர் அன்னை என்று நாம் அழைக்கும் மீரா அல்ஃபாசா. 1878 பிப்ரவரி 21 அன்று பாரிஸில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை துருக்கியின் எதிர்னே நகரத்துக்காரர், தாய் எகிப்தின் அலெக்சாண்ட்ரியா ஊர்க்காரர். வீட்டில் மதப் பழக்கம் ஏதும் இல்லை, கடவுள் பேச்சும் இல்லை. உள்ளே எழுந்த தேடலுக்கு விடை கேட்டு 1906இல் அல்ஜீரியாவின் தெலம்சென் வரை போனார். அங்கே அவருக்கு ஆசானாக இருந்த மாக்ஸ் தெயோன், யூத மறைஞான மரபான கபாலாவில் தோய்ந்த போலந்துக்காரர். 1914 மார்ச் 29இல் மீரா புதுச்சேரிக்கு வந்தார். போய்விட்டு 1920 ஏப்ரலில் திரும்பியவர் கடைசிவரை இங்கேயே இருந்தார்.

அவர் யூத மதத்தைப் பரப்பவில்லை. தம்மை யூதர் என்று முன்னிறுத்தவும் இல்லை. பிறந்த சமூகத்தின் கட்டுகளுக்கு வெளியே நின்று, தேடி வந்தவர்களைக் கொண்டு புதிதாக ஒரு சமூகத்தைக் கட்டினார். 1926 நவம்பருக்குப் பிறகு ஆசிரமத்தின் முழுப் பொறுப்பும் அவர் கையில்தான். சாப்பாட்டுக்கூடம், பட்டறை, பள்ளி, விளையாட்டுத் திடல் எல்லாமே அவர் பார்வையில் ஆன்மிக சாதனையின் பகுதிகள். 1968 பிப்ரவரி 28 அன்று 124 நாடுகளின் மண்ணும் இந்திய மாநிலங்களின் மண்ணும் ஒரே தாழியில் இடப்பட்டு ஆரோவில் தொடங்கியது. உலகின் பல மூலைகளிலிருந்தும் அங்கே வந்து தங்கியவர்களில் இஸ்ரேலியர்களும் உண்டு.

சமாதியைச் சுற்றிப் பேசாமல் உட்கார்ந்திருந்தவர்களில் வேட்டி கட்டிய விவசாயி இருந்தார், கல்லூரிப் பெண் இருந்தாள், வெள்ளைக்கார மூதாட்டி இருந்தார். பிறப்பால் வந்த கூட்டம் அல்ல, விருப்பத்தால் வந்த கூட்டம். இன்றைய மனிதர்களில் பலருக்கும் இந்த வழிதான் இயல்பாகத் தெரிகிறது. பிறப்பால் வந்த சமூகத்தை விட்டுவிடாமலே புதுப்பித்துக்கொண்டவர்களின் வழி இதற்கு மறுகரை. அதைப் பார்க்க மேற்கே போக வேண்டும்.

புதுச்சேரி விழுப்புரம் ரயில் பாதை 1879இல் போடப்பட்டது. அதில் முதலில் வரும் பெரிய ஊர் வில்லியனூர். திருக்காமீசுவரர் கோயில் தேரை பிரெஞ்சு ஆளுநர்கள் வந்து வடம்பிடித்த வழக்கம் இன்று துணைநிலை ஆளுநர் வரை தொடர்கிறது. லூர்து மாதா கோயிலின் குளத்தைச் சுற்றி ஈஸ்டருக்குப் பிந்தைய திருவிழாவில் எல்லா மதத்தாரும் நிற்கிறார்கள். சற்றுத் தள்ளி சுல்தான்பேட்டையின் பள்ளிவாசல். மூன்று சமயங்களும் ஒரே சந்தையில் காய்கறி வாங்கும் ஊர் இது. இந்த ஊரிலிருந்து போகிறவருக்கு மத்திய கேரளம் அந்நியமாகத் தெரியாது.

பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து கொச்சி. மட்டாஞ்சேரியின் யூதத் தெருவில் இன்று பழம்பொருள் கடைகளும் மசாலாக் கடைகளும்தான். தெருமுனையில், வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் என்ற பொருளில் பரதேசி என்று அழைக்கப்பட்ட யூதர்கள் 1568இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயம். பக்கத்திலேயே அரண்மனையும் அதன் கோயிலும். கொச்சி அரசர் தம் மாளிகைக்கு அருகிலேயே அவர்களுக்கு இடம் கொடுத்துக் குடியமர்த்தினார். வெள்ளிக்கிழமை பிற்பகலும் சனிக்கிழமையும் பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை. மற்ற நாளில் போனால் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், நம் கோயில்களைப் போலவே. காலுக்கடியில் 18ஆம் நூற்றாண்டில் சீனத்திலிருந்து எசக்கியேல் ரஹாபி வரவழைத்த, கையால் வரைந்த நீல வெள்ளை ஓடுகள். தலைக்கு மேலே கண்ணாடி விளக்குக் கொத்துகள். ஜோசப் ரப்பானின் செப்பேட்டைக் காத்து வந்ததும் இந்த ஆலயம்தான்.

கேரள ஜெப ஆலயங்களுக்கே உரிய அமைப்பு ஒன்று இங்கே தெரிகிறது. வேதம் படிக்கும் மேடை கூடத்தின் நடுவில் ஒன்று, மாடியில் பெண்கள் அமரும் பகுதியை ஒட்டி இன்னொன்று. விசேஷ நாட்களில் யூத வேதமான தோராவை மேலே கொண்டுபோய்ப் படிப்பார்கள். பெண்களின் காதருகே வேதத்தைக் கொண்டுபோன கட்டடக் கலை இது. கொச்சி யூதர்களுக்கு ரபி என்று பட்டம் பெற்ற குருமார்கள் இருந்ததில்லை என்பதும் நினைவில் வைக்க வேண்டியது. ஊர்ப் பெரியவர்களும் ஓதத் தெரிந்தவர்களும் முன்னின்றார்கள். ஆகவே குழந்தைகள் அனைவருக்கும் எபிரேயம் படிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. நாளைக்கு யார் முன்னால் நின்று ஓத வேண்டியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

பாகூரில் எழுந்த கேள்விக்கு முதல் விடை இந்தக் கூடத்தில் கிடைத்தது. ஒரு கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களின் வருவாய் வேண்டியிருந்தது, வருவாய் நின்றால் சாலையும் நிற்கும். ஒவ்வொரு வீடும் கல்விச்சாலையாக இருந்தால் அதை மூட யாராலும் முடியாது. ஓய்வுநாளை வரவேற்க, வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் சமையல் முடியும், விளக்கு ஏற்றப்படும், உலர்திராட்சையிலிருந்து வீட்டிலேயே எடுத்த ரசத்தின் மேல் ஆசி கூறப்படும். அடுத்த நாள் விண்மீன் தெரியும்வரை வணிகம் இல்லை, கணக்கு இல்லை. கொங்கணக் கரையில் எண்ணெய் ஆட்டிப் பிழைத்த பெனே இஸ்ரேல் யூதர்கள் தங்கள் வேதநூல்களை இழந்து பல தலைமுறை ஆன பிறகும் இந்த ஒரு நாளை விடவில்லை. சனிக்கிழமை செக்கு ஓட்டாதவர்கள் என்பதாலேயே அக்கம்பக்கத்தார் அவர்களைச் சனிவார் தேலி என்று அழைத்தார்கள். புத்தகம் போனாலும் கிழமை நின்றது, அந்தக் கிழமையைப் பற்றிக்கொண்டு பின்னால் புத்தகமும் திரும்பி வந்தது.

இரண்டாவது விடை ஓர் எண். முழுமையான பொது வழிபாட்டுக்குப் பத்துப் பேர் வேண்டும். மின்யான் என்பது அதன் பெயர். மரபுப்படி பதின்மூன்று வயது நிறைந்த ஆண்கள் பத்துப் பேர். ஒன்பது பேர் எவ்வளவு பெரிய அறிஞர்களாக இருந்தாலும் தோராவைப் பேழையிலிருந்து எடுத்துச் சபையில் படிக்க முடியாது. பத்தாவதாக ஓர் எளிய மீன் வியாபாரி வந்து நின்றால் முடியும். பக்தியை இப்படி எண்ணிக்கையில் கட்டுவது முதலில் கடுமையாகத் தோன்றும். நினைத்துப் பார்த்தால் இதைவிடக் கருணையான ஏற்பாடு இல்லை. வராதவருக்காக ஒன்பது பேர் காத்திருக்கிறார்கள். அவர் வீட்டுக் கதவை யாராவது தட்டுகிறார்கள். உடம்புக்கு முடியவில்லையா, மனத்தாங்கலா என்று கேட்கிறார்கள். ஒரு மனிதன் தேவைப்படுகிறான் என்பதை ஒவ்வொரு வாரமும் அவனுக்கு உணர்த்துகிற சட்டம் இது.

ஆனால் யாரை எண்ணுவது என்ற இடத்தில் கொச்சி தவறியது. மட்டாஞ்சேரியின் பரதேசி யூதர்கள், தங்கள் வீடுகளில் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்களின் வழித்தோன்றல்களைச் சமமாக உட்காரவிடவில்லை. வேதம் படிக்க மேடைக்கு அழைக்கவில்லை. அந்த வழியில் பிறந்தவர் ஆபிரகாம் பரக் சேலம் (1882–1967). சட்டம் படித்து வழக்கறிஞர் ஆனவர், கொச்சியில் தொழிலாளர்களுக்காகப் பேசியவர், 1929 லாகூர் காங்கிரசுக்குப் போய்வந்தவர். காந்தியிடம் கற்ற சத்தியாகிரகத்தைத் தம் சொந்த ஜெப ஆலயத்துக்குள்ளேயே நடத்தினார். வெளியேறிப்போய்த் தனிக் கோயில் கட்டவில்லை. உள்ளேயே இருந்து, உரிமை கேட்டு, அசையாமல் நின்றார். 1940களில் தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. யூத காந்தி என்று அவரை அழைத்தார்கள். யூதத் தெருவை ஒட்டிய ஒரு சாலைக்கு இன்று அவர் பெயர்தான்.

வைக்கத்திலும் குருவாயூரிலும் நடந்த போராட்டங்களை நாம் படித்திருக்கிறோம். அதே காலத்தில் அதே மண்ணில் ஜெப ஆலயத்துக்குள் நடந்த இந்தப் போராட்டத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சாதி என்ற நோய் இந்த மண்ணுக்கு வந்த ஒவ்வொரு சமயத்தையும் தொட்டது. ஆட்கள் எத்தனையோ பேர் பக்கத்திலேயே இருந்தும் அவர்களை எண்ணாமல் விட்ட பரதேசிச் சபைக்கு, பின்னால் பத்துப் பேர் சேர்வதே பெரும்பாடாகிவிட்டது. வெளிநாட்டிலிருந்து வரும் யூதப் பயணிகளை வைத்து எண்ணிக்கையை நிரப்பிய ஆண்டுகள் பல. 2019இல் 96 வயதில் சாரா கோஹன் மறைந்தார். யூதத் தெருவில் கைத்தையல் துணி விற்ற அவருடைய கடையையும் அவரையும் முதுமையில் பார்த்துக்கொண்டது ஒரு முஸ்லிம் குடும்பம்.

அதே தெருவுக்கு அருகே நெகேமியா மோத்தாவின் சமாதி இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த ஞானி, எபிரேயக் கவி, கபாலா அறிந்தவர். அவருக்கு மெழுகுவத்தி ஏற்ற இந்துக்களும் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் வருகிறார்கள். புதுச்சேரியில் சமாதியைச் சுற்றி அமர்ந்திருந்தவர்களுக்கு இந்தச் சிறு கல்லறையின் அர்த்தத்தை விளக்க வேண்டியதில்லை.

வடக்கே பரவூர், சேந்தமங்கலம் வரை பேருந்தில் போகலாம். பழைய முசிறியின் பகுதி இது. பரவூர் ஜெப ஆலயம் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. நீண்ட நடைவழியும் வாசல் மாளிகையுமாக, பார்த்தால் கேரளக் கோயிலின் அடக்கம். முசிறி மரபுத் திட்டத்தில் சீரமைத்திருக்கிறார்கள். சேந்தமங்கலத்தில் கோயில், மசூதி, தேவாலயம், ஜெப ஆலயம் நான்கும் நடந்துபோகும் தூரத்தில் இருக்கின்றன. ஜெப ஆலயத்தின் முன்னால் ஒரு கல் நிற்கிறது. 1269இல் மறைந்த சாரா என்ற பெண்ணின் கல்லறைக் கல், இந்தியாவில் கிடைத்த எபிரேயக் கல்வெட்டுகளில் மிகப் பழையது. அரசர் பெயரோ வணிகர் பெயரோ அல்ல, இஸ்ரேல் என்பவரின் மகள் ஒருத்தியின் பெயர் அந்தக் கல்வெட்டுகள் எல்லாவற்றுக்கும் முன்னதாக நிற்கிறது.

அது பொருத்தம்தான். ஏனென்றால் கொச்சி யூதர்களின் மலையாளப் பாடல்களைக் காத்தவர்கள் பெண்கள். திருமணத்துக்கும் பண்டிகைக்கும் பாட, நோட்டுப் புத்தகங்களில் கையால் எழுதித் தாயிடமிருந்து மகளுக்குக் கொடுத்தார்கள். வேதக் கதைகளும் ஊர்க் கதைகளும் ஆலயம் கட்டிய வரலாறும் அதில் உண்டு. ரூபி டேனியல் (1912–2002) அந்தப் பாடல்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். இந்தியக் கடற்படையில் சேர்ந்த முதல் மலையாளிப் பெண்ணும் அவர்தான். 1951இல் இஸ்ரேல் போய்க் கூட்டுப் பண்ணை ஒன்றில் வாழ்ந்தபோதும் நோட்டுகளை விடவில்லை. பின்னாளில் பார்பரா ஜான்சன், ஸ்கரியா சக்கரியா, ஒஃபிரா காம்லியேல் போன்ற ஆய்வாளர்களால் அவை அச்சிலும் இசைத்தட்டிலும் ஏறின.

கொச்சி யூதர்களை யாரும் துரத்தவில்லை. சுமார் 2,500 பேர் இருந்த சமூகம் 1950களில் தானாகவே எழுந்து இஸ்ரேலுக்குப் போனது. இறைவனின் நிலம் என்று அன்றாடம் வேண்டிய இடத்துக்குத் திரும்பும் ஆசை அது. அதிலும் ஒரு தடை வந்தது. கேரளக் கரையிலிருந்து வருகிறவர்கள் யானைக்கால் நோயைக் கொண்டுவந்துவிடுவார்கள் என்று அஞ்சி இஸ்ரேலிய சுகாதார அதிகாரிகள் அவர்களை வெகுநாள் நிறுத்திவைத்தார்கள். சொத்தை விற்றுவிட்டுக் காத்திருந்தவர்கள் நொந்துபோனார்கள். யானைக்கால் நோயை அருகிருந்து பார்த்த புதுச்சேரிக்காரர்களுக்கு இந்த வேதனை புரியும். அந்த நோயைப் பரப்பும் கொசுவை ஒடுக்க, 1975இல் தொடங்கிய நோய்க்கடத்தி ஆராய்ச்சி மையம் 1980களில் புதுச்சேரியில் பெரிய அளவில் வேலை செய்தது.

இறுதியில் போனவர்களுக்குக் கிடைத்தது நெகேவ் பாலைவன விளிம்பில் நெவாத்திம், எருசலேம் மலைப்பகுதியில் மெசிலாத் சீயோன் போன்ற வேளாண் குடியிருப்புகள். மிளகும் மீனும் விற்றவர்கள் கோழி வளர்த்தார்கள், பாலைவனத்தில் பூ வளர்த்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். நெவாத்திமில் கேரளப் பாணியில் ஒரு ஜெப ஆலயமும் தங்கள் வரலாற்றுக்கு ஓர் அருங்காட்சியகமும் கட்டினார்கள். மட்டாஞ்சேரியின் கடவும்பாகம் ஜெப ஆலயத்தின் மர உட்புறம் எருசலேம் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இங்கே நின்ற வெறும் கட்டடத்தின் முன்பகுதி 2019 மழையில் இடிந்தது. எர்ணாகுளம் சந்தைத் தெருவில் இருக்கும் இன்னொரு கடவும்பாகம் ஆலயம் தப்பியது. காரணம், முன்பகுதியில் வண்ணமீனும் செடியும் விற்றுக்கொண்டே சமூகத்தார் ஒருவர் அதைப் பல பத்தாண்டுகள் கண்ணும் கருத்துமாகக் காத்துவந்ததுதான். அந்தக் கடையின் மீன்தொட்டிகளைக் கடந்து உள்ளே போய் நிமிர்ந்து பார்த்தபோது, ஒரே ஓர் ஆளின் விடாப்பிடி எவ்வளவு பெரிய கூரையைத் தாங்கும் என்று தெரிந்தது.

ஊர் விட்டுப் போனால் சமூகம் முடிந்துவிடும் என்று நம் பக்கத்தில் வருந்துகிறவர்கள் பாரிஸின் வடக்கே சார்செல் நகரத்தையும் நினைத்துப் பார்க்கலாம். 1950களிலும் 60களிலும் துனிசியா, அல்ஜீரியா, மொராக்கோவிலிருந்து வந்த யூதர்கள் அங்கே புதிதாக எழுந்த அடுக்குமாடிகளில் குடியேறினார்கள். யாருக்கும் அந்த இடம் சொந்த ஊர் அல்ல. ஆலயம், பள்ளி, யூத உணவு விதிப்படி விற்கும் கோஷர் கடை என்று ஒன்றொன்றாகக் கட்டி, அதைப் பிரான்சின் பெரிய யூத மையங்களில் ஒன்றாக ஆக்கினார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையோடு போன புதுச்சேரித் தமிழ்க் குடும்பங்களும் அதே வடக்குப் புறநகர்களில் வாழ்கின்றன. பொங்கலுக்கு மண்டபம் பிடிக்கிறார்கள். பொங்கல் ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது. வெள்ளிக்கிழமை ஒவ்வொரு வாரமும் வருகிறது. இரண்டு கூட்டங்களுக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது என்று நம்புகிறேன்.

ஆன்மிகம் என்றால் தனிமையில் கண்மூடி அமர்வது என்று இன்று பலர் நினைக்கிறோம். கைப்பேசியில் ஒரு தியானச் செயலி போதும் என்று தோன்றுகிறது. யூத மரபு வேறு மாதிரி சொல்கிறது: இறைவன் முன் நிற்கப் பக்கத்தில் ஒன்பது பேரைக் கூட்டிக்கொண்டு வா. அன்னையும் வேறு வழியில் அங்கேதான் வந்து சேர்ந்தார். தனித் தேடலில் தொடங்கியவர் சாப்பாட்டுக்கூடத்தையும் பட்டறையையும் அமைப்பதில் முடித்தார். பிறப்பால் வந்த சமூகமோ தேர்ந்து சேர்ந்த சமூகமோ, இரண்டுக்கும் குறித்த நேரமும் குறித்த இடமும் சேர்ந்து உண்ணும் சோறும் வேண்டியிருக்கிறது.

எண்ணிக்கை குறையும்போது என்ன செய்வது என்பதற்கும் இந்திய யூதர்களிடம் ஒரு முன்மாதிரி உண்டு. டெல்லியில் 1956இல் கட்டிய ஜூதா ஹயாம் ஜெப ஆலயத்தில், பத்துப் பேரை எண்ணும்போது பெண்களையும் சேர்த்து எண்ணுகிறார்கள். சிறு சபை தன் கதவை இன்னும் அகலமாகத் திறந்து உயிர் பிழைத்தது. ஆபிரகாம் சேலம் மட்டாஞ்சேரியில் அத்தனை ஆண்டு கேட்டதும் இதைத்தான்: இங்கே நிற்கிற என்னையும் எண்ணு.

பாகூர், வில்லியனூர் ஊர்களில் கோயில்களுக்குக் குறைவில்லை, திருவிழாக்களுக்கும் குறைவில்லை. குறைவது வாராவாரம் கூடும் ஒரு பொழுதும், யார் வரவில்லை என்று பார்க்கும் ஒரு கண்ணும். அதற்கு அரசர் பட்டயம் வேண்டாம், பெரிய மண்டபம் வேண்டாம். ஒரு கோயில் திண்ணை, ஒரு நூலக முற்றம், ஒரு தேவாலய வளாகம் போதும். கிழமையைக் குறித்துக்கொண்டு, தெருவின் எந்தப் பகுதியில் இருப்பவரையும் விடாமல் கூப்பிட்டு, வராதவர் வீட்டுக்கு ஒருவரை அனுப்புகிற ஊர், பிள்ளைகள் எந்த நாட்டுக்குப் போனாலும் ஊராகவே இருக்கும். போன பிள்ளைகளும் அந்தக் கிழமையைக் கையோடு கொண்டுபோக முடியும். கொச்சிக்காரர்கள் நெவாத்திமுக்குக் கொண்டுபோனதில் மிகக் கனமான பொருள் அதுதான்.